நீக்கமும் சேர்க்கையும் மறைவும்: இராணுவ ஆட்சிக்காலக் கொரியத் திரைப்படங்கள்

முன்னுரை

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவார் முதற்கண் தேடுவது அதன் உண்மைப் பாடமேயாம். ஏடு சிதைந்த இடம் இது, எழுதினோர் விட்ட இடம் இது, பிற்காலத்தார் செருகிய இடம் இது எனப் பகுத்துணர்ந்த பின்னரே ஆசிரியர் கருத்து இன்னதென அவர் துணிவர். இம்முறை ஏட்டுச்சுவடிகளுக்கே உரியதெனக் கருதுதல் வேண்டா. திரைப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வார்க்கும் இஃது இன்றியமையாதது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது கொரிய நாட்டு வரலாறு. 1961ஆம் ஆண்டில் இராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றியது முதல், 1987ஆம் ஆண்டில் மக்கள் எழுச்சியால் நேரடித் தேர்தல் மீண்டது வரை, தென்கொரியாவில் உருவான படங்களுள் பல அவற்றை இயக்கினோர் கருதிய வடிவில் நமக்குக் கிடைத்தில. சில குறைந்து கிடைக்கின்றன, சில திரிந்து கிடைக்கின்றன, சில கிடைக்கவேயில்லை.

கொரியத் திரைப்பட வரலாறு எழுதினோர் 1960களைப் பொற்காலம் என்றும், 1970களை இருண்ட காலம் என்றும் பிரித்துரைப்பர். இப்பிரிவு முற்றும் தவறன்று. ஆயினும், இருண்ட காலத்திற்குரிய வித்துப் பொற்காலத்திலேயே ஊன்றப்பட்டது என்பதும், அவ்வித்துத் தணிக்கையாளர் கத்தரிக்கோலினும் மிகுதியாகத் தொழிற்சட்டத்திலேயே பொதிந்து கிடந்தது என்பதும் எம் துணிபு. இதனை நிறுவி, அக்காலப் படங்களைப் படிக்க வேண்டிய முறை யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையில் கொரியா என வருமிடமெல்லாம், பிரிவினைக்குப் பிற்பட்ட செய்திகளில், தென்கொரியாவையே குறிக்கும்.

முன்னை வரலாறு

கொரியா 1910ஆம் ஆண்டு முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியினர் 1940ஆம் ஆண்டில் கொரியாவிற்கெனத் திரைப்பட ஆணையொன்றைப் பிறப்பித்தனர். தயாரிப்பு, வெளியீடு, காட்சி ஆகிய அனைத்தும் அதனால் அரசின் பிடிக்குள் வந்தன. 1942ஆம் ஆண்டில் படக் கம்பெனிகள் யாவும் ஒரே கம்பெனியாக இணைக்கப்பட்டன. போர்க்காலத்துத் தேவைக்கு ஏற்ற படம் எடுப்பதே அதன் தொழிலாயிற்று. இச்செய்தியை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்ததற்கு இதுவே முன்மாதிரி.

விடுதலையின்பின் நாடு இரண்டாகப் பிரிந்தது. 1950 முதல் 1953 வரை போர் நிகழ்ந்தது. போரின் சாம்பலிலிருந்து படத்தொழில் விரைந்து எழுந்தது. உள்நாட்டுப் படங்களுக்கு 1954ஆம் ஆண்டில் அளிக்கப்பட்ட கேளிக்கை வரி விலக்கு இதற்கு ஒரு காரணம். 1959ஆம் ஆண்டளவில் ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியால் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ பதவி துறந்தார். அவ்வாண்டே, அரசின் தணிக்கைக்கு மாற்றாகத் திரைப்படத் துறையினரும் அறிஞரும் அடங்கிய தன்னாட்சிக் குழுவொன்று ஏற்பட்டது. அஃது ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

அக்குறுகிய இடைவெளியில் வெளிவந்த இரு படங்கள் இன்றும் கொரியப் படங்களுள் தலைசிறந்தனவாக எண்ணப்படுகின்றன. கிம் கி-யங் இயக்கிய 'பணிப்பெண்' 1960இல் வந்தது. புதிதாக மாடிவீடு கட்டிக்கொண்ட இசையாசிரியர் ஒருவர் குடும்பம், வீட்டு வேலைக்கு வந்த பெண்ணொருத்தியால் சிதைவதை அது கூறுகின்றது. யூ ஹியூன்-மோக் இயக்கிய 'ஓபால்தான்', அஃதாவது 'குறி தவறிய குண்டு', 1961 ஏப்ரலில் வந்தது. மே 16ஆம் நாள் படைத்தலைவர் பார்க் சுங்-ஹீ தலைமையில் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது.

உரிமமும் எண்ணிக்கையும்

புதிய ஆட்சியாளர் படத்தொழிலை ஒடுக்க விரும்பினர் எனப் பொதுவாகக் கூறுவர். இக்கூற்றுப் பாதி உண்மையே. அவர்கள் படங்கள் பெருகவேண்டும் என்றே விரும்பினர். ஆலைகளைப் போலப் படக் கம்பெனிகளும் பெரியனவாய், சிலவாய், அரசின் கண்ணுக்கு எட்டுவனவாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ எழுபதாக இருந்த கம்பெனிகள் 1961ஆம் ஆண்டிலேயே பதினாறாக இணைக்கப்பட்டன. 1962 ஜனவரியில் திரைப்படச் சட்டம் பிறந்தது. பதிவு, முன் இசைவு, தணிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைத்த அச்சட்டத்தை, ஜப்பானியர் 1940ஆம் ஆண்டில் இட்ட ஆணையோடு ஒப்புநோக்குவார்க்கு இரண்டன் உறவும் விளங்கும். விடுதலை பெற்ற நாடு தன்னை ஆண்டவன் சட்டத்தையே தன் கலைக்குச் சட்டமாக்கிக்கொண்டது. பார்க் சுங்-ஹீ இளமையில் ஜப்பானியர் நிறுவிய மஞ்சூரியப் படையில் அதிகாரியாக இருந்தவர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

1963ஆம் ஆண்டுத் திருத்தம் இதனினும் கடுமையானது. படக் கம்பெனி என்று பதிவு பெறவேண்டுமாயின் சொந்தப் படப்பிடிப்புத் தளமும், கருவிகளும், ஒப்பந்தம் செய்துகொண்ட இயக்குநரும் நடிகரும் இருத்தல் வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து படங்களேனும் எடுத்தல் வேண்டும். இவ்வெண்ணிக்கையைத் தம் முயற்சியால் நிறைவு செய்யக்கூடியார் மிகச் சிலரே. ஆதலின், பதிவு பெற்ற கம்பெனிகள் தம் பெயரைப் பதிவில்லாத தயாரிப்பாளர்க்கு வாடகைக்கு விட்டன. முதலும் உழைப்பும் ஒருவருடையன. திரையில் தோன்றும் பெயர் மற்றொருவருடையது. அரசு வகுத்த ஒழுங்கின் அடியிலே ஒழுங்கற்ற வேறொரு வாணிகம் இவ்வாறு தழைத்தது.

இதனோடு வெளிநாட்டுப் பட இறக்குமதி உரிமையும் சேர்ந்தது. அரசு விரும்பும் வகையில் உள்நாட்டுப் படம் எடுத்தார்க்கு அயல்நாட்டுப் படத்தைக் கொண்டுவரும் உரிமை பரிசாகக் கிடைத்தது. பெரும்பொருள் தந்தது அவ்வுரிமையே. விளைவு யாது? கொரியப் படம் எடுப்பது அமெரிக்கப் படம் கொணர்தற்குச் செலுத்தும் சுங்கமாக மாறிற்று. விரைந்து எடுக்கப்பட்டு, பார்ப்பாரின்றி மறந்துபோன படங்கள் பல இதனாற் பிறந்தன. இம் குவோன்-தேக் 1962ஆம் ஆண்டில் இயக்குநராகி, ஏறத்தாழப் பத்தாண்டுக்குள் ஐம்பது படங்களை முடித்தார். பிற்காலத்தில் 'மண்டலா' (1981), 'சோப்யோன்ஜே' (1993) போன்றவற்றை ஆக்கி, 2002ஆம் ஆண்டில் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவரே, தம் முற்காலப் படங்களைப் பெரிதாக மதித்திலர். ஆற்றல் குறைந்தவர் ஆதலின் அவ்வாறு எடுத்தார் என எவரும் கூறார். சட்டம் கேட்டது எண்ணிக்கையை. அவர் எண்ணிக்கையைத் தந்தார்.

இச்சட்டத்தால் நன்மையே விளையவில்லை எனல் நடுநிலையாகாது. 1966ஆம் ஆண்டுத் திருத்தம், கொட்டகைகள் உள்நாட்டுப் படங்களைக் குறித்த அளவு காட்டியே ஆகவேண்டும் என விதித்தது. அவ்விதி நெடுங்காலம் கொரியப் படத்தொழிலுக்கு அரணாயிற்று. 1969ஆம் ஆண்டில் 229 படங்கள் எடுக்கப்பட்டன. கொட்டகைக்கு வந்தோர் தொகை 17 கோடியைக் கடந்தது. நாட்டு மக்கள் தொகை அப்போது ஏறத்தாழ மூன்று கோடியே. ஒருவர் ஆண்டுக்கு ஐந்து முறைக்குமேல் படம் பார்த்தார் என்பது இதனாற் பெறப்படும். ஏழே ஆண்டு கழித்து, 1976இல், அத்தொகை ஏழு கோடிக்கும் கீழே இறங்கிற்று. தொலைக்காட்சி வீடுதோறும் பரவியமை இதற்கு ஒரு காரணம். ஆனால், 1972 அக்டோபரில் பார்க் சுங்-ஹீ நாடாளுமன்றத்தைக் கலைத்து 'யூஷின்' என்னும் புதிய அரசியலமைப்பைக் கொணர்ந்ததும், 1973ஆம் ஆண்டில் திரைப்படச் சட்டம் பதிவு முறையை நீக்கி உரிம முறையை நாட்டியதும் அதனொடு வைத்து எண்ணத்தக்கன. உரிமம் பெற்ற மிகச் சிலரே படம் எடுக்கலாம் என்றான பின், அவ்வுரிமத்தை இழக்கும் அச்சம் தயாரிப்பாளரைத் தணிக்கையாளரினும் கண்டிப்பான தணிக்கையாளராக்கிற்று.

நீக்கம்

இனி, படங்களுக்கு நேர்ந்த ஊறுகளை மூவகையாகப் பகுத்துக் காண்போம். அவற்றுள் முதலாவது நீக்கம்.

'குறி தவறிய குண்டு' யீ போம்-சோன் எழுதிய சிறுகதையைத் தழுவியது. வடக்கிலிருந்து ஓடிவந்து சியோல் நகரின் குன்றுச் சேரியில் குடியேறிய குடும்பமொன்றன் வாழ்வை அது கூறுகின்றது. மூத்த மகன் சிறு எழுத்தர், பல்வலியைப் பொறுத்துக்கொண்டே அலுவலகம் செல்கின்றான், பிடுங்கப் பணமில்லை. இளையவன் போரிற் புண்பட்டு மீண்டு, வேலையின்றி, வங்கியைக் கொள்ளையிடத் துணிகின்றான். தங்கை அமெரிக்கப் படைவீரரிடம் தன்னை விற்கின்றாள். மனைவி பிள்ளைப்பேற்றில் இறக்கின்றாள். அறிவு கலங்கிப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாய் இடையிடையே 'போவோம்' என்று மட்டும் கூவுகின்றாள். இச்சொல் வடக்கு நோக்கிப் போவோம் எனப் பொருள்படும் என்று புதிய ஆட்சியாளர் ஐயுற்றனர். படம் தடை செய்யப்பட்டது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவிற்கு அனுப்பப்படும் நிலை வந்தபோதே, 1963இல், தடை நீங்கிற்று. தன் வறுமையைத் தன் மக்கள் காண்பதற்கு அயலார் மதிப்புத் துணை செய்யவேண்டியிருந்தது.

நீக்கம் படத்தோடு நிற்கவில்லை, ஆளையும் தொட்டது. லீ மான்-ஹீ என்பார் 1963ஆம் ஆண்டில் 'மீளாத கடற்படை வீரர்' என்னும் போர்ப்படத்தால் பெரும்புகழ் எய்தியவர். பொதுவுடைமை எதிர்ப்புப் படத்திற்கு அதனை ஓர் எடுத்துக்காட்டு எனலாம். அவரே அடுத்து 'ஏழு பெண் போர்க்கைதிகள்' என்னும் படத்தை எடுத்தார். சீனப் படைவீரர் தீங்கிழைக்க முற்பட்டபோது வடகொரிய வீரர் அப்பெண்களைக் காத்தனர் எனக் காட்டியமை குற்றமாயிற்று. பகைவனிடத்தும் மனிதப் பண்பு உண்டு என்பதனைச் சட்டம் பொறுக்கவில்லை. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொதுவுடைமை எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் லீ மான்-ஹீ சிறைப்பட்டார். படம் வெட்டித் திருத்தப்பட்டு 'மீண்டு வந்த பெண் வீரர்' என்னும் வேறு பெயரோடு வெளிவந்தது. அவருக்காகக் கருத்தரங்கொன்றில் திரையின் உரிமை பற்றிப் பேசிய யூ ஹியூன்-மோக் மீதும் அதே சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவர் இயக்கிய வேறொரு படத்தைக் காட்டி ஆபாசக் குற்றமும் உடன் சேர்க்கப்பட்டது.

1975ஆம் ஆண்டில் ஹா கில்-ஜாங் இயக்கிய 'அறிவிலிகளின் அணிவகுப்பு' மற்றொரு சான்று. கல்லூரி மாணவர் இருவர் வாழ்வைக் கூறும் அப்படத்தில், நீள்மயிர் வளர்த்த இளைஞரைக் காவலர் துரத்தும் காட்சி நகைச்சுவையாக அமைந்துள்ளது. நீள்மயிர் அக்காலத்தில் உண்மையிலேயே தண்டனைக்குரிய குற்றம். படத்திலிருந்து ஏறத்தாழ அரைமணி நேரக் காட்சிகள் நீக்கப்பட்டன என்பர். அதன் புகழ்பெற்ற பாடல்களும் தடைக்கு உள்ளாயின. இன்று அப்படத்தைக் காண்பார் சில இடங்களில் கதை தொடர்பின்றித் தாவுவதைக் காண்பர். அதனை இயக்குநர் குறையாகக் கொள்வதா, வெட்டின் வடுவாகக் கொள்வதா? வெட்டப்பட்டது இன்னதென அறியாதவரை இரண்டும் கூறவியலாது. ஹா கில்-ஜாங் 1979 பிப்ரவரியில் தம் முப்பத்தேழாம் வயதில் இறந்தார்.

சேர்க்கை

நீக்கத்தினும் நுண்ணிய தீங்கு சேர்க்கை. இல்லாததை நீக்கவியலாது, ஆனால் வேண்டாததைப் புகுத்தவியலும். 1970களில் கொட்டகைக்குச் சென்றார் படத்திற்கு முன் அரசின் செய்திப்படத்தைக் கண்டனர். நாட்டுப் பண் ஒலிக்கையில் எழுந்து நின்றனர். படத்தின் சுற்றுச்சூழலே அரசின் உரையாயிற்று. இச்சேர்க்கை படத்தின் புறத்தது. அகத்தே சேர்ப்பதற்கும் அரசு முற்பட்டது என்பதனை 1968ஆம் ஆண்டில் லீ மான்-ஹீ எடுத்த 'விடுமுறை நாள்' காட்டுகின்றது.

காப்பிக் கடையில் அமரவும் காசில்லாத இளைஞன் ஒருவனும் அவன் காதலியும் ஞாயிறுதோறும் சந்திக்கின்றனர். அவள் கருவுற்றிருக்கின்றாள். கருக்கலைப்பிற்குப் பணம் தேடி அவன் நண்பர் வீடுதோறும் அலைகின்றான், இறுதியில் திருடுகின்றான். அவள் இறந்துபடுகின்றாள். அவன் இரவில் நகரத் தெருக்களில் அலைகின்றான். இவ்வளவே கதை. இம்முடிவு சோர்வூட்டுகின்றது என்றும், இளைஞன் தலைமயிரைக் களைந்து படையிற் சேர்வதாக மாற்றுக என்றும் தணிக்கையாளர் கூறினர். இயக்குநரும், கதை வசனம் எழுதிய பேக் கியோலும், தயாரிப்பாளரும் அதற்கு இணங்கவில்லை. படம் வெளிவரவில்லை.

இந்நிகழ்ச்சி எம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. என்னை? மாற்றியிருந்தால் படம் அன்றே வெளிவந்திருக்கும். மாற்றியமை பின்னையோர்க்குத் தெரியாமலும் போயிருக்கலாம். அவ்வாறு மாற்றி வெளிவந்த படங்கள் எத்துணை என்று படங்களை மட்டும் பார்த்து அறிதல் அரிது. படைக்குச் செல்லும் நாயகனோடு முடியும் அக்காலப் படமொன்றைக் காணுந்தோறும், அம்முடிவு யாருடையது என்னும் வினா எழுதல் முறையாகும்.

மறைவு

மூன்றாவது ஊறு மறைவு. 'விடுமுறை நாள்' முப்பத்தேழு ஆண்டுகள் எவராலும் காணப்படாது கிடந்து, 2005ஆம் ஆண்டில் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிப்பட்டுப் பூசான் விழாவில் காட்டப்பட்டது. லீ மான்-ஹீ அதனைக் காண உயிரோடில்லை. 'சாம்போ செல்லும் வழி' என்னும் தம் இறுதிப் படத்தின் தொகுப்பு வேலை நடக்கையில், 1975 ஏப்ரலில், அவர் மறைந்தார். ஏறத்தாழ ஐம்பது படங்கள் இயக்கிய அவருடைய ஆக்கங்களுள் தலையாயது எனக் கண்டோர் போற்றிய 'கார்காலக் கடை' போன்ற பொருளுடைய 'மான்சூ' (1966) என்னும் படத்தின் பிரதி கிடைக்கவேயில்லை. பிறர் அதனைப் பின்னும் பன்முறை எடுத்தனர். மூலம் அழிந்து உரை மட்டும் நிலைத்த நூலுக்கு அதனை ஒப்பிடலாம்.

எஞ்சிய படங்கள் எஞ்சிய முறையும் வியப்பிற்குரியது. 'குறி தவறிய குண்டு' நமக்குக் கிடைத்தது, விழாவிற்காக ஆங்கில வரிகள் பொறிக்கப்பெற்ற பிரதியினால். 'பணிப்பெண்' படத்தில் காணாமற்போன இரு சுருள்களும் ஆங்கில வரிகள் எழுதப்பட்ட பிரதியிலிருந்தே கிடைத்தன. 2008ஆம் ஆண்டில் அவ்வெழுத்துகளை அகற்றிப் படம் செப்பனிடப்பட்டது. உள்நாட்டில் பேணுவாரின்மையால் அழிந்தவை, அயலார் பொருட்டு ஆக்கிய படிகளால் பிழைத்தன. எண்ணிக்கையை நோக்கிய சட்டம் படத்தைப் பேணுதற்குரிய பொருளாக எண்ணாமையே இவ்வழிவிற்குப் பெருங்காரணம் என யாம் கருதுகின்றோம்.

ஓர் இயக்குநரே மறைந்த கதையும் உண்டு. 1960களில் ஆட்சியாளர் ஆதரவோடு கொரியாவின் மிகப்பெரிய கம்பெனியை நடத்திய ஷின் சாங்-ஓக், தணிக்கையில் நீக்கப்பட்ட காட்சியொன்று முன்னோட்டப் படத்தில் இடம்பெற்றமைக்காக 1975இல் உரிமம் இழந்தார். 1978ஆம் ஆண்டில் அவருடைய முன்னாள் மனைவியும் புகழ்மிக்க நடிகையுமான சோய் உன்-ஹீ ஹாங்காங்கிலிருந்து வடகொரியாவிற்குக் கடத்தப்பட்டார். ஷின் அவ்வாண்டே அவரைத் தொடர்ந்து கடத்தப்பட்டார். சிறைவாழ்விற்குப்பின் வடக்கில் ஆணைப்படி படங்கள் எடுத்து, 1986ஆம் ஆண்டில் இருவரும் வியன்னா நகரில் தப்பினர். ஒரு தீபகற்பத்தின் இரு பாதிகளிலும் படம் எடுத்த அவர், இரண்டிலும் அரசையே தம் தொழிலின் தலைவனாகக் கண்டார்.

நெகிழ்ச்சியும் இறுக்கமும்

பார்க் சுங்-ஹீ 1979 அக்டோபர் 26ஆம் நாள் கொல்லப்பட்டார். அடுத்து ஆட்சியைப் பற்றிய சுன் டூ-ஹ்வான் 1980 மே திங்களில் குவாங்ஜூ நகர எழுச்சியைப் படைகொண்டு அடக்கினார். அவர் காலத்துத் தணிக்கை ஒருபுறம் நெகிழ்ந்தது, மறுபுறம் இறுகியது. 1982 ஜனவரியில் நள்ளிரவு ஊரடங்கு நீக்கப்பட்டது. அடுத்த திங்களே 'மாடம் ஏமா' என்னும் காமச்சுவைப் படம் நள்ளிரவுக் காட்சியாக வந்து பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அதன் பெயரைக் குறிக்கும் சீன எழுத்துகள் 'குதிரையை விரும்பல்' எனப் பொருள்பட்டமையால், குதிரையைக் குறிக்கும் எழுத்தை மாற்றி, அதே ஒலியுடைய சணல் என்னும் பொருளுள்ள எழுத்தை இடும்படி தணிக்கையாளர் பணித்தனர். உடலைக் காட்ட இசைந்தோர் ஓர் எழுத்திற்கு அஞ்சினர். குவாங்ஜூவைப் பற்றியோ ஒரு சொல்லும் திரையில் எழவில்லை.

இச்சூழலில் லீ ஜாங்-ஹோ 1983ஆம் ஆண்டில் எடுத்த 'அறிவிலிகளின் அறிக்கை' தனித்து நிற்கின்றது. படத்தின் தொடக்கத்திலேயே இயக்குநன் ஒருவன் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்து இறக்கின்றான். அவ்வேடத்தைத் தாங்கியவர் லீ ஜாங்-ஹோவே. பின்னர்ப் படம் பெரும்பாலும் உரையாடலின்றிச் செல்கின்றது. பேச்சே குற்றமாகும் காலத்தில் பேசாமையே பேச்சாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

1987ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின்னும் முன்தணிக்கை உடனே ஒழியவில்லை. குவாங்ஜூவைப் பொருளாகக் கொண்ட 'ஓ, கனவு நாடே' (1989) போன்ற படங்களைத் தணிக்கைக்கு அனுப்பாது மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் காட்டிய இளைஞர் குழுவினர் வழக்கிற்கு உள்ளாயினர். அவ்வழக்கின் பயனாகவே 1996 அக்டோபர் 4ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் திரைப்பட முன்தணிக்கை செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. சட்டத்தை அறியாது படத்தை மட்டும் பார்த்து அக்கால இயக்குநரைத் திறமையற்றவர் எனல் முறையன்று. ஆண்டுக்குப் பதினைந்து என்னும் எண்ணும், இறக்குமதி உரிமை என்னும் பரிசும், உரிமம் என்னும் அச்சமும் அவர் கைகளைப் பிணித்திருந்தன. குறை அனைத்தையும் தணிக்கையின்மேல் ஏற்றிவிடுதலும் முறையன்று. மறுத்தல் இயலும் என்பதற்கு 'விடுமுறை நாள்' சான்று. இணங்கியார் பலர், மறுத்தார் சிலர் என்றால், அச்சிலரைப் பிரித்தறிந்து மதித்தல் ஆராய்ச்சியாளர் கடமை.

இக்கடமைக்கு வேண்டிய கருவி இன்று ஓரளவு உண்டு. தணிக்கைக்கு அளிக்கப்பட்ட கதை வசனப் படிகளும், நீக்குக என எழுதிய குறிப்புகளும் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. வெட்டினோர் தம் அலுவலின் பொருட்டு எழுதிவைத்த தாள்களே, வெட்டுண்டது யாதென நமக்கு அறிவிக்கும் ஏடுகளாயின. அவற்றைப் படங்களோடு ஒப்புநோக்கி ஒவ்வொன்றற்கும் உரிய பாடத்தைக் காணும் பணி நிறைவுறும்போதே, பொற்காலம் என்றும் இருண்ட காலம் என்றும் நாம் இட்ட பெயர்கள் எவ்வளவிற்குப் பொருந்தும் என்று துணிந்து கூறவியலும்.